முந்நூற்றுப் பன்னிரண்டாம் கொளுக்கி

சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ் ஆட்களின் பஸ் பத்தரைக்கு முன்னர் ஒருநாளும் கசினோ வாசலுக்கு வந்ததில்லை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். மொன்றியலிலிருந்து காலை ஏழு மணிக்கே வெளிக்கிட்டு, பாதை துப்புரவாகக் கிடந்து, பத்து மணிக்கு ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்துவிட்டாலும், பெற்றோல் செட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பனிக்குள் நின்று பிளாஸ்க் தேத்தண்ணீர் குடிப்பார்கள். கை விறைக்கும், மூக்கு ஓடும். ஆனாலும் பத்து முப்பத்தொன்றுக்குத்தான் பஸ் அசையும். சாரதி ஒரு கெபெக் மனிதர். முதல் இரண்டு தடவை காரணம் கேட்டுப் பார்த்தாராம். மூன்றாம் தடவை அவருக்கும் ஒரு கப் தேத்தண்ணீரும் ஒரு ரோல்சும் கொடுத்ததோடு கேட்பதை விட்டுவிட்டார்.

நான் அந்தக் கசினோவில் கோட்டு வாங்கி வைக்கிற வேலை செய்கிறேன். வருகிறவர்களின் குளிர்க் கோட்டை வாங்கிக் கொளுவிவிட்டு ஒரு நம்பரைக் கையில் கொடுப்பது. போகும்போது நம்பரை வாங்கிக்கொண்டு கோட்டைக் கொடுப்பது. இவ்வளவுதான் வேலை. "இதுக்கு மூண்டு மணித்தியாலம் பஸ்ஸில போறீரோ?" என்று என் மனுசன் இன்றைக்கும் கேட்பார். அவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் லொறி ஓட்டுகிறவர். நாள் முழுக்க அதே நாலு தெருவுக்குள் சுற்றுகிறவர் என்னைக் கேட்கிறார்.

முன்பு நான் மொன்றியலில், ஷபானெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தேன். பதினாலு வருஷம் கோட்டுத் தைத்தேன். உள்துணி, கை, பை, கழுத்துக்குள் வைக்கும் சின்ன நாடா, எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. தொழிற்சாலையைப் பூட்டினார்கள். வேலை தேடிக் கொடுக்கும் நிலையத்தில் இருந்த பெண் என் விண்ணப்பத்தைப் பார்த்து, கோட்டு அனுபவம் உண்டுதானே, வடக்கே ஒரு கசினோவில் கோட்டு அறைக்கு ஆள் தேவை என்றாள். அவள் பகிடிக்குச் சொன்னாளா உண்மைக்குச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் போய்விட்டேன். வியாழன் முதல் ஞாயிறு வரை அங்கே. திங்கள் காலை பஸ் பிடித்து மொன்றியலில், பார்க் எக்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், எந்தச் சனிக்கிழமை யார் யார் வந்தார்கள் என்று கோயிலில் என்னைப் பிடித்து விசாரிப்பார்கள். எனக்கேன் அந்தச் சோலி. செம்புச் சுரங்கம் இருந்த ஊர் என்பது மட்டும் போதும். செம்பு முடிந்து சுரங்கத்தைப் பூட்டி, பாதிச் சனம் வெளியேறி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாமல் போன பிறகு கசினோ வந்ததாம். ஆட்களைக் கீழே இறக்கிய இரும்புக் கோபுரம் இப்போதும் நிற்கிறது. அதில் கலர் பல்ப் கட்டியிருக்கிறார்கள். சுரங்க விளக்குகள் வைத்திருந்த அறையில் மதுச்சாலை. கம்பனி கட்டிய சின்னச் சின்ன வீடுகளில் எங்களைப் போன்ற வேலையாட்கள். என் அறை யன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும், அதற்கு அப்பால் காடு, அதற்கு அப்பாலும் காடு.

அங்கே குடியிருக்கப் பழகுவதற்கு எனக்கு அதிக நாள் எடுக்கவில்லை. டெப்பனர் என்று அங்கே சொல்லும் ஒரு மூலைக் கடை, ஒரு தேவாலயம், ஒரு தபாற்கந்தோர். கறிவேப்பிலையை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். டெப்பனர்க்காரர் முதல் மாதத்திலேயே எனக்கென்று பச்சைமிளகாய் எடுப்பித்து வைத்தார். அது மிளகாய் மாதிரி இருந்ததே தவிர உறைக்கவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று நானும் கிழமைக்கு ஒரு பை வாங்கிக்கொண்டே இருந்தேன்.

கோட்டு அறையில் என்னோடு நின்றவர் அந்த ஊரிலேயே பிறந்த பெண். அறுபத்தைந்து வயது. நான் மதாம் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தகப்பன் முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் வேலை செய்தவர். "முதல் நாங்கள் கீழே போய்த் தோண்டினோம், இப்போது வெளியூர்க்காரர் வந்து கதிரையில் இருந்துகொண்டு தோண்டுகிறார்கள்" என்று சொல்லி மதாம் சிரிப்பார். என்னுடைய தொழிற்சாலைப் பிரெஞ்சு அவருக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஊசி, நூல், பொத்தான், சிப் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு தெரியும். காலநிலையைப் பற்றிப் பேசத்தான் வராது. அங்கே எல்லாரும் காலநிலையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

எங்கள் அறையின் அலங்காரமே ஒரு பெரிய மரப்பலகைதான். சுவர் அகலத்துக்கு இருக்கும். அதில் நானூறு கொளுக்கிகள். ஒவ்வொரு கொளுக்கியிலும் ஒரு பித்தளை வில்லை. ஒவ்வொரு வில்லையிலும் ஒரு நம்பர். சுரங்கத்தில் இருந்ததை அப்படியே கழற்றிக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நம்பர். கீழே இறங்கும்போது தன் வில்லையை எடுத்துச் சட்டைப்பையில் போடுவான். ஏறி வந்ததும் திருப்பிக் கொளுவுவான். வேலை முடிந்த நேரத்தில் கொளுக்கி வெறுமையாக இருந்தால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இப்போது அதே வில்லையைக் கோட்டுக்குக் கொடுக்கிறோம். கசினோ கட்டியவர்களுக்கு அது ஒரு வடிவான யோசனை. மதாமுக்கு அது வேறு.

ஒவ்வொரு நாள் காலையிலும் கதவு திறப்பதற்கு முன்பு, ஒரு கையில் கோப்பியோடு, மற்றக் கையின் விரலால் பலகையின் ஒவ்வொரு வரிசையையும் தடவிக்கொண்டு போவார். வில்லைகள் கிலுங் கிலுங் என்று ஆடும். நானூறும் ஆடி முடிந்த பிறகுதான் கோப்பியை வாயில் வைப்பார். 312 அவருடைய தகப்பனின் நம்பர். அதை நான் இரண்டாம் மாதம்தான் அறிந்தேன். அறிந்ததும், இதைக் கண்டவன் நின்றவனுக்கெல்லாம் கொடுக்காமல் எடுத்து வைப்போமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். தகப்பன் ஒருநாளும் வீட்டில் சும்மா இருந்தவர் இல்லையாம். போகட்டும், வரட்டும், அதுதான் அவருக்குப் பழக்கம் என்றார்.

இனி எங்கள் ஆட்களுக்கு வருகிறேன். பஸ்ஸால் இறங்கினால் நேராக என்னிடம்தான் வருவார்கள். நான் முதல் தடவை 17ஐ எடுத்து ஒரு ஐயாவிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஒன்றும் ஏழும் எட்டு, சனியின் நம்பர், எட்டை வைத்துக்கொண்டு உள்ளே போனால் உடுப்போடு திரும்பி வர முடியாது என்றார். அடுத்தவருக்கு 26. அதுவும் எட்டு. அதற்கடுத்தவர் நான் கொடுக்க முன்பே, கூட்டினால் ஐந்து வரத்தக்கதாக ஒன்று தா பிள்ளை என்றார். பின்னால் ஐம்பது பேர் பனியை உதறிக்கொண்டு நிற்க, நான் நின்று கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தேன். நானூறுக்குள் கூட்டி எட்டு வருகிற நம்பர் எத்தனை என்று ஒருநாள் பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்துநான்கு. அதுவும் எட்டு.

சனிக்கிழமைகளில் எட்டுகள் மட்டும் கொளுக்கியிலேயே தொங்குவதை மதாம் கண்டுகொண்டார். ஏன் என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வில்லைகளின் விளிம்பு கூர், பையைக் கிழிக்கும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த நாள் பார்த்தால் மனுசி அரமும் கையுமாக இருந்து 17ஐத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஐயோ என்று ஓடிப்போய்ப் பிடித்து, உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சுரங்கத்தில் ஒருவரும் விசில் அடிக்கக்கூடாது, அடித்தால் சுரங்கம் இடியும் என்று மற்றவர்கள் பிடித்து உதைப்பார்கள் என்று அவருடைய பக்கத்துக் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு சனிக்கிழமைக் காலைகளில் எட்டுகளை எல்லாம் அவரே கழற்றி ஒரு பெட்டியில் போட்டு, கெபெக் ஆட்கள் வந்தால் கொடுப்பதற்கென்று தனியே வைத்துவிடுவார்.

எங்கள் பஸ்ஸை ஒழுங்கு செய்கிறவர் மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில் இருக்கும் ஒரு அண்ணை. ஓய்வுபெற்றவர். முன் சீட்டில் இருந்து ஆட்களை எண்ணுவது, ரோல்ஸ் பங்கிடுவது, சத்தம் போடுவது எல்லாம் அவர்தான். நல்ல மனுசன். ஆனால் கதை தொடங்கினால் வாய் ஓயாது. பிறந்தது இருபத்துநாலாம் திகதி என்பதால் அவருக்கு ஆறு வேண்டும். சுக்கிரனாம். 33, 105, 204 என்று ஏதாவது ஒரு ஆறு அவருக்கென்று எடுத்து வைப்பேன். அவருடைய கருநீலக் கோட்டின் கழுத்து நாடா பிய்ந்திருந்ததை ஒருநாள் நானே தைத்துக் கொடுத்தேன். நீல நூல் முடிந்து சிவப்பு நூலால் தைத்தேன். அதனால் அந்தக் கோட்டை எந்தக் கூட்டத்துக்குள்ளும் எனக்குத் தெரியும். அதுதான் வினையாகிப்போனது.

போன வருஷத்துக்கு முந்தின பனிக்காலம். மதாம் ஓய்வுபெற இன்னும் இரண்டு கிழமை இருந்தது. பலகையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது என்று முடிவாகியிருந்தது. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பனி கொட்டத் தொடங்க, பாதை மூடுவதற்கு முன் போக வேண்டும் என்று சாரதி ஹோர்ன் அடிக்க, எல்லாரும் ஒரேயடியாகக் கோட்டுக்கு வந்து மொய்த்தார்கள். மதாம் தேநீர் இடைவேளையில். அண்ணைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு அவருக்குச் சூதாட்ட மெசின் நன்றாகக் கொடுத்திருந்தது. பையைத் தட்டினார், மற்றப் பையைத் தட்டினார்.

"வில்லையைக் காணேல்லை பிள்ளை. பேந்து தேடித் தாறன். என்ரை கோட்டு உனக்குத் தெரியாதே?"

வில்லை இல்லாவிட்டால் கோட்டு இல்லை என்பது சட்டம். பலகை சரிபார்க்கும் வரைக்கும் அந்த ஆள் நிற்க வேண்டும். ஒரு வெள்ளைக்காரர் அப்படி வந்து கேட்டிருந்தால் நான் சட்டம் கதைத்திருப்பேன். ஆனால் இது எங்கள் அண்ணை. மற்ற ஐம்பது பேரும் கோட்டை வாங்கிக்கொண்டு போய் பஸ்ஸுக்குள் காத்திருக்கிறார்கள். சிவப்பு நூல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. கோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவருக்கு அன்று காலை எந்த நம்பர் கொடுத்தேன் என்று அந்த அவசரத்தில் நான் யோசிக்கவேயில்லை.

ஞாயிறு காலை மதாமின் விரல் பலகையில் போய்க்கொண்டே இருந்து, ஒரு இடத்தில் நின்றது. கோப்பி கையிலேயே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். 312. அண்ணைக்கு அன்று எடுத்துக் கொடுத்த ஆறு அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நிலத்தில் தேடினார், கோட்டுப் பைகளில் தேடினார், துப்புரவு செய்கிறவர்களைக் கூப்பிட்டு மெசின்களுக்கு அடியில் எல்லாம் பார்க்கச் சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து முழங்காலில் நின்று தேடினேன். இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே ஒரு மணித்தியாலம் தேடினேன். அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

கடைசியில் சொன்னேன். மதாம் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகாமையாளர் வந்து, அதே மாதிரி இன்னொன்று அடிப்பித்துத் தரலாம், கவலைப்பட வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னார். மதாம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்டூலில் இருந்துகொண்டு எனக்கு ஒரு கதை சொன்னார்.

அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒருநாள் வேலை முடிந்தும் 312 வெறுமையாக இருந்ததாம். ஆள் அனுப்பித் தாயைக் கூப்பிட்டார்கள். தாய் இவரையும் கையில் பிடித்துக்கொண்டு படலையடியில் போய் நின்றார். பனி. ஒருவரும் தாயோடு கதைக்கவில்லை. அப்படியான நேரத்தில் கதைக்க மாட்டார்களாம். கீழே ஆட்கள் இறங்கித் தேடிக்கொண்டிருக்க, தகப்பன் தெருவின் மற்றப் பக்கத்திலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். யாருக்கோ பிள்ளை பிறந்ததென்று நேரே தவறணைக்குக் குடிக்கப் போயிருக்கிறார். வில்லை சட்டைப்பைக்குள். தாய் தன் கையுறையைக் கழற்றி, அத்தனை ஆட்களுக்கும் முன்னால் அதாலேயே அவருக்கு அடித்தாராம். அடித்துக்கொண்டே அழுதாராம். அதற்குப் பிறகு வேலைக்குப் போன கடைசி நாள் வரைக்கும், வில்லையைக் கொளுவாமல் தகப்பன் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை.

"அவர் கட்டிலில், தூக்கத்தில் போனவர். அது எனக்குத் தெரியும்" என்றார் மதாம். "ஆனால் இந்தக் கொளுக்கியைப் பார்த்தால் நான் திரும்பவும் அந்தப் படலையடியில் நிற்கிறேன்."

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்த உடனேயே அண்ணைக்குப் போன் எடுத்தேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். செவ்வாய் எடுத்தேன், தேடுகிறேன் என்றார். புதன் எடுத்தேன், கார் கராஜில் நிற்கிறது, அதற்குள்தான் விழுந்திருக்கும் என்றார். சனிக்கிழமை பஸ்ஸால் இறங்கி வந்தவர், மதாம் அந்தப் பக்கம் போகும்வரை பார்த்து நின்று, குனிந்து குசுகுசுத்தார். வில்லை தொலையவில்லையாம். பத்திரமாக வீட்டுச் சாமித்தட்டில் இருக்கிறதாம். மூன்று, ஒன்று, இரண்டு, கூட்டினால் ஆறு. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஆறு அவர் கையில் ஏறவில்லையாம். வீட்டில் வைத்திருந்தாலே போதும், வேலை செய்யுமாம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணை, உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது யாருடைய வில்லை என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மைதான். ஆனால் மனுசன் விடவில்லை. செத்த ஆளுக்கு இனி எதற்கு நம்பர், வேண்டுமென்றால் தன் செலவில் வெள்ளியில் ஒன்று அடித்துத் தருகிறேன் என்றார். நான் 17ஐ எடுத்து அவருடைய கையில் வைத்து அழுத்தினேன். அவர் அதை நெருப்புத் தணல் மாதிரிக் கீழே போட்டுவிட்டு, அன்று முழுக்கக் கோட்டைக் கையிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தார்.

மதாமின் கடைசி நாளுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. நான் பிழை விட்டேன், நானே போய் வாங்கி வருவேன் என்று அடுத்த செவ்வாய் மெத்ரோ ஏறினேன். ஒரேஞ்சுப் பாதையின் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து பஸ். பித்தளைத் துண்டு ஒன்றுக்காக லவால் வரைக்கும் போகிறீரோ என்று என் மனுசன் கேட்டார். ஓம் என்றேன்.

கதவைத் திறந்தது அண்ணையின் மனைவி. நான் அவரை அக்கா என்று சொல்வேன். கோயிலில் கண்டால் சிரித்துக் கதைக்கிற அளவுக்குப் பழக்கம். பஸ்ஸில் ஒருநாளும் வந்ததில்லை. அந்த விளையாட்டு அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. தேத்தண்ணீர் போட்டார், பயத்தம் பணியாரம் வைத்தார். நான் விஷயத்தைத் தொடங்க வழி தெரியாமல் சாமித்தட்டைப் பார்த்தேன். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் 312 நிற்கிறது. நெற்றியில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், காலடியில் ஒரு கார்னேசன் பூ.

நான் பார்ப்பதைக் கண்டு அக்கா பெருமையோடு விளக்கினார். இவர் வடக்குப் பக்கம் போனபோது ஒரு மாதா கோயிலில் கொடுத்ததாம். எந்தக் கடவுளென்றாலும் கடவுள்தானே என்று தானும் காலையில் ஒரு பூ வைத்து விளக்குக் கொளுத்துகிறாராம். குசினி வாசலில் நின்ற அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அக்கா, இது கோட்டு நம்பர் என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். சாமித்தட்டைப் பார்த்தார். பிறகு மனுசனைப் பார்த்தார். "அப்ப நான் இவ்வளவு நாளும் கோட்டு நம்பருக்கோ விளக்குக் கொளுத்தினனான்?" அண்ணை, அது சும்மா நம்பர் இல்லை, ராசியான நம்பர் என்று தொடங்கினார். சும்மா இருங்கோ என்று அக்கா சொன்னதோடு அடங்கிவிட்டார்.

பிறகு நான் முழுவதையும் சொன்னேன். பலகை, கொளுக்கி, இறங்கும்போது எடுப்பது, ஏறியதும் கொளுவுவது, வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் கீழே என்பது, ஒன்பது வயதுப் பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்றது. மதாம் சனிக்கிழமையோடு போகிறார், அதற்கு முன் இது திரும்ப வேண்டும் என்றேன். பகிடியாகத் தொடங்கின அக்காவின் முகம் பாதியிலேயே மாறிவிட்டது. கையில் இருந்த கப்பை மேசையில் வைத்துவிட்டார்.

அப்போதுதான் அந்தப் படத்தை நான் கவனித்தேன். இறந்தவர்களின் படங்கள் மாலையோடும் பொட்டோடும் சாமித்தட்டுக்கு மேலே வரிசையாக இருந்தன. ஒரு படம் மட்டும் எதிர்ச்சுவரில், தனியே. இருபது வயது மதிக்கத்தக்க பொடியன். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்த படம். மாலை இல்லை, பொட்டு இல்லை. அக்காவின் தம்பி. எங்கள் நாட்டில் கடைசிச் சண்டையோடு காணாமல் போனவர். எங்கள் ஆட்களின் வீடுகளில் இப்படி ஒரு படம் எதிர்ச்சுவரில் தொங்கினால் ஒருவரும் கேட்பதில்லை. நானும் எத்தனையோ வீடுகளில் கண்டு, கேட்காமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். மாலை போட்டால் முடிந்துவிடும். அதனால் போடுவதில்லை.

அக்கா எழும்பிப் போய் வில்லையைக் கையில் எடுத்தார். அண்ணை வாயைத் திறந்தார். அக்கா அவரை முந்திக்கொண்டு, சத்தம் போடாமல் கேட்டார்.

"கீழயிருந்து ஏறி வீட்டை வந்த மனுசனை நாங்கள் ஏனப்பா மறிச்சு வைச்சிருக்கிறம்?"

அண்ணை உள்ளே போய் ஒரு சுத்தமான லேஞ்சித் துணி எடுத்துக்கொண்டு வந்து, இதுக்குள்ளே சுற்றும் என்று மனைவியிடம் நீட்டினார். நான் கொண்டுபோகக் கையை நீட்டினேன். அக்கா தரவில்லை. சனிக்கிழமை தானே வந்து கொடுப்பதாகச் சொன்னார். கேட்ட எனக்கே அதிர்ச்சி. அண்ணைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பஸ் பத்து மணிக்கே வந்து நின்றது. ராகு காலம் முடிய இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கிறது. நான் மணிக்கூட்டை நம்பவில்லை. பிறகுதான் அறிந்தேன்: பெற்றோல் செட்டில் நிறுத்தப் போகும்போது, நல்ல காரியத்துக்கு நேரம் பார்க்கத் தேவையில்லை, நேரே விடுங்கோ என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லையாம். ஆனால் உள்ளே வந்தது அக்காவும் அண்ணையும் மட்டும்தான். மற்ற ஐம்பது பேரும் பஸ்ஸுக்குள்ளேயே இருந்து பத்தரை வரைக்கும் யன்னலால் பார்த்தார்கள்.

அக்கா பட்டுச் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டு, காலில் பனிச் சப்பாத்தோடு வந்தார். மதாமுக்கு நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஆனாலும் லேஞ்சியை மடிப்பு மடிப்பாக மெதுவாகப் பிரித்தார். வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நம்பரின் பள்ளங்களுக்குள் குங்குமம் இறங்கிச் சிவப்பாக இருந்தது. நான் பதறிப்போய், துடைத்துத் தருகிறேன் என்று துணியை எடுத்தேன். இது என்ன என்று மதாம் கேட்டார். மரியாதை என்றேன். அதைவிட நல்ல சொல் எனக்கு வரவில்லை. இத்தனை நாளும் உங்கள் அப்பாவுக்கு இந்த அக்கா காலையில் பூ வைத்து விளக்குக் கொளுத்தினார் என்றேன். மதாம் சிரித்தார்; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்பா பூசைக்கே போகாத மனுசன், இப்போது இரண்டு கடவுள்களுக்கு நடுவில் இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்றார். துணியை என் கையிலிருந்து வாங்கி அப்பால் வைத்துவிட்டார்.

பிறகு வில்லையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்து, நீங்கள் கொளுவுங்கள் என்று கையைக் காட்டினார். அக்கா கொஞ்சம் எட்டி, 312ஆம் கொளுக்கியில் மாட்டினார். மதாம் வழக்கம்போல விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டு போனார். நானூறும் ஆடின. அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஓரத்தில் நின்றார். பெட்டிக்குள் எடுத்து வைக்க வேண்டிய எட்டுகளும் அன்றைக்குக் கொளுக்கியிலேயே இருந்தன.

அக்கா பலகையை ஒரு முனையிலிருந்து மற்ற முனை வரைக்கும் பார்த்தார். பிறகு, அவவிட்டை ஒரு விஷயம் கேட்டுச் சொல்லும் என்று என்னிடம் சொன்னார். சுரங்கம் பூட்டின அன்றைக்கு இதில் எத்தனை கொளுக்கி வெறுமையாக இருந்தது என்று கேட்டார்.

நான் அதைப் பிரெஞ்சில் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார் மதாம். கை போனவர்கள் உண்டாம், கால் போனவர்கள் உண்டாம். இருமி இருமி வீட்டில் செத்தவர்கள் எத்தனையோ பேராம். ஆனால் கீழே விட்டுவிட்டு வந்த ஆள் என்று ஒருவர்கூட இல்லை. இந்த ஊரார் வேறு எதைப் பற்றியும் பெருமை பேசுவதில்லை, இதைப் பற்றி மட்டும் பேசுவார்கள் என்றார். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அக்கா தலையை ஆட்டினார். கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பாராமல் பலகையைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லது பிள்ளை. ஒரு இடத்திலயெண்டாலும் எல்லாரும் வந்து சேந்திட்டினம்."

அவர் என்ன சொன்னார் என்று மதாம் என்னிடம் கேட்டார். அதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.